அன்றிரவு அவருக்குத் துணை யார்?

காலையில் வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மாலையே வீடு திரும்பும் முறைக்கு யார் ஏற்றவர் என்று முடிவு செய்யும்போது, எங்களில் பலர் இன்னமும் வயதையும் எடையையுமே முதலில் பார்க்கிறோம். மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் உள்ள எண்பது வயதுக்காரர் குடலிறக்க அறுவைக்குப் பின் அன்றே வீட்டுக்குப் போகலாம். மருத்துவமனையில் கழிக்கும் இரவில்தான் முதியவர்களுக்கு மனக்குழப்பம் வருவது எளிது.

அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் உடல்நிலைப் பகுப்பில் 3-ஆம் நிலை, அதாவது கடுமையான உடல்நோய் உள்ளவர், என்று குறித்துவிட்டாலே அன்றே அனுப்ப முடியாது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மாடிப்படி ஏறி இறங்கும் பழைய இதய நோயாளியும் அதே நிலையில்தான் இருக்கிறார். நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்குபவரும் அதே நிலையில் இருக்கக்கூடும். உடல் பருமனிலும் நான் அஞ்சுவது எடையை அல்ல, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைத்தான். அப்படிப்பட்டவருக்கு வலி தணிக்க, மூச்சை மந்தமாக்கும் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படும் என்றால் வீட்டுக்கு அனுப்பத் தயங்குவேன். பாராசிட்டமாலும் நரம்பு மரப்பு ஊசியும் போதுமென்றால் தயக்கம் குறையும். குறைமாதத்தில் பிறந்த பச்சிளங் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் விவாதமே வேண்டாம், இரவு தங்கட்டும்.

படிவத்தில் கடைசியாக வரும் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. முதல் 24 மணி நேரம் பொறுப்பான பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டால் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறோம். எந்தக் குறையும் இல்லாத ஓர் இளைஞர், முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போட்டு அறுவை முடிந்து, ஒரு முறை சிறுநீர் கழித்த பிறகே வீடு போனார். அழைத்துப் போன அண்ணன் அவரை வாசலில் இறக்கிவிட்டு இரவுப் பணிக்குப் போய்விட்டார். நள்ளிரவில் சிறுநீர் அடைத்துக்கொண்டு, அழைத்துவர ஆளில்லாமல் விடியும்வரை துடித்திருக்கிறார். அந்தப் படிவத்தைச் சரிபார்த்தவன் நான்தான்.

1909-இல் கிளாஸ்கோ மருத்துவர் ஜேம்ஸ் நிகால், பத்தாண்டுகளில் ஏறத்தாழ 9,000 குழந்தைகளுக்கு இவ்வாறு அறுவை செய்து அன்றே அனுப்பியதாக அறிவித்தார். அவர் அனுப்பியது தாயின் கைக்கு. செவிலியரும் வீடு தேடிச் சென்றார்கள். நமக்கு அந்த வசதி இல்லை என்பதால், துணைக்கு வருபவரையே உள்ளே அழைத்து, இரவு எங்கே படுப்பீர்கள், கூப்பிட்டால் கேட்குமா, வண்டிக்கு யாரை அழைப்பீர்கள் என்று இப்போது கேட்கிறேன். பதில் தெரியாமல் அவர் விழித்தால் நோயாளிக்கு ஒரு படுக்கை ஒதுக்கச் சொல்லிவிடுகிறேன்.