எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்?

எங்கள் அம்மம்மாவுக்கு இருந்தது முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். 1974ஆம் ஆண்டு மாரியில் அவரது மூச்சிரைப்பு மிகவும் கூடிவிட, கொழும்பில் வைத்தியராக இருந்த உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு எட்டாம் வகுப்பு மாணவனான என்னிடம் வந்து சேர்ந்தது. அம்மம்மா திண்ணையில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரவுத் தபால் ரயிலில் போன அந்தக் கடிதத்துக்கு ஒரு கிழமைக்குள் பதில் வந்தது. மருந்தின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், படுத்துச் சிறிது நேரத்தில் மூச்சு அடைத்து எழுந்து இருக்கிறாரா, பின்னேரத்தில் கணுக்கால் வீங்குகிறதா, வீங்கிய இடத்தை விரலால் அமத்தினால் விழுந்த குழி உடனே மறைகிறதா அல்லது அப்படியே நிற்கிறதா என்று கேள்விகளே இருந்தன. நான் அம்மம்மாவின் காலை அமத்திப் பார்த்தேன். குழி நின்றது. தலையணை மூன்று, அதற்குக் குறைந்தால் படுக்க மூச்சு முட்டும்.

இரண்டாவது பதிலில், இது நெஞ்சுச் சளியோடு வரும் முட்டாகத் தெரியவில்லை, இருதயம் பலவீனப்பட்டிருக்கக் கூடும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இந்தக் கடிதத்தையும் அங்குள்ள வைத்தியரிடம் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். அவர் ஊகித்தது சரியாகவே இருந்தது. இருநூறு மைலுக்கு அப்பால் இருந்த ஒருவர், நாடி பிடிக்காமல், நெஞ்சில் குழாய் வைக்காமல், நாங்கள் வருடக்கணக்காகக் கண்முன்னே கண்டும் காணாமல் விட்டதைக் கண்டுபிடித்தார். எதைக் கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, கேட்டதற்கு முழுதாகப் பதில் எழுத எங்களுக்கு நேரம் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததாலேயே அது நடந்தது.

கடிதம் மூலம் வைத்தியம் பார்ப்பது ஒரு காலத்தில் பெரிய வைத்தியர்களின் அன்றாடத் தொழிலாகவே இருந்தது. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த திசோ என்ற வைத்தியர் 1761இல் பொதுமக்களுக்காக எழுதி வெளியிட்ட உடல்நல நூலில், வைத்தியருக்கு எழுதும்போது எவற்றைச் சொல்லவேண்டும் என்று கேள்விகளை வரிசையாகக் கொடுத்திருந்தார். வயது என்ன, முன்னர் சுகமாக இருந்தவரா, வருத்தம் எவ்வளவு காலமாக இருக்கிறது, எப்படித் தொடங்கியது, காய்ச்சல் உண்டா, நாடி எப்படி என்று அவை செல்லும். அவருக்கு வந்த கடிதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்றும் லோசானில் இருக்கின்றன. அதே நூற்றாண்டில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த வில்லியம் கலன், தமக்கு வந்த கடிதங்களோடு தாம் எழுதிய பதில்களின் பிரதிகளையும் பேணி வைத்தார். முதலில் எழுத்தர் ஒருவர் கையால் படியெடுத்தார். 1781 முதல், நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் உருவாக்கிய படியெடுக்கும் பொறியைக் கலன் பயன்படுத்தினார். ஒரு நோயாளிக்கு முன்பு என்ன சொன்னோம் என்பதை மறக்கக்கூடாது என்று ஒரு வைத்தியர் இவ்வளவு சிரத்தை எடுத்தார் என்பதை நினைக்கையில் எனக்கு உண்மையாகவே மரியாதை உண்டாகிறது.

அந்தக் கலனிடம் ஆலோசனை கேட்கப்பட்டவர்களில், ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜோன்சனும் ஒருவர். 1784இல் அவர் மூச்சுமுட்டாலும் உடல்வீக்கத்தாலும் துன்பப்பட்டபோது, அவரது நண்பர் பொஸ்வெல் எடின்பரோ வைத்தியர்களுக்கு எழுதிக் கேட்க, அவர்களும் பதில் எழுதினார்கள். மூச்சுமுட்டும் கால்வீக்கமும் சேர்ந்த வருத்தம் என்றதும் எனக்கு எங்கள் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. ஜோன்சன் அந்த ஆண்டு டிசம்பரிலேயே காலமானார். எங்கள் அம்மம்மா மேலும் ஆறு ஆண்டுகள் இருந்தார். அந்த வேறுபாட்டை உண்டாக்கியவை இடைப்பட்ட காலத்தில் வந்த மருந்துகள். கடிதத்துக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க நான் முற்படவில்லை. நெஞ்சைக் கேட்கும் குழாயே 1816இல்தான் பிரான்சில் லெனெக் என்பவரால் உருவானது. அதற்கு முன் நோயாளி சொல்லும் கதையே வைத்தியருக்குப் பிரதான ஆதாரம் என்பதால், நேரில் பார்ப்பதற்கும் கடிதத்தில் படிப்பதற்கும் இடையில் இன்றுள்ள அளவு தூரம் இருக்கவில்லை.

கடிதத்துக்குக் குறைகளும் இருந்தன. பதில் வருவதற்குள் வருத்தம் முற்றிவிடலாம். நோயாளி மறைப்பதை வைத்தியர் முகம் பார்த்து அறிய வழியில்லை. வேறொருவர் எழுதிக்கொடுக்கும்போது இது இன்னும் மோசமாகும். அம்மம்மா பதின்மூன்று வயதுப் பேரனிடம் சொல்லாத ஒன்றை, சின்னம்மாவைக் கொண்டு தனித் தாளில் எழுதுவித்து, மடித்து ஒட்டி உள்ளே வைத்தார் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பின்னரே தெரியவந்தது. அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் கடிதம் அரைகுறையாகவே இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தவர் இதைப் பேசும்போது அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை விட்டுவிட முடியாது. 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். 1873இல் அமெரிக்காவின் வூஸ்ரர் நகருக்குத் திரும்பிய பிறகும் தமிழ் மருத்துவ நூல் வேலையை அவர் கைவிடவில்லை. இரசாயனம் பற்றிய 'கெமிஸ்தம்' 1875இலும், உடல் இயங்கும் விதம் பற்றிய 'மனுஷ சுகரணம்' 1883இலும், அவர் இறந்த 1884இல் இந்திய மருந்துப் பொருள்கள் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்' என்ற நூலும் வெளிவந்தன. உடம்பைப் பற்றி நுட்பமாகப் பேசத் தமிழுக்கு முடியும் என்று, பிற நாட்டிற் பிறந்து, கடலுக்கு அப்பால் இருந்தும் ஒருவர் நம்பி உழைத்தார்.

இன்று எங்கள் வீடுகளில் நடப்பதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. இரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் பிடித்து, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் வைத்திய உறவினருக்கு வட்ஸப்பில் அனுப்பி, "இது ஓகேயா?" என்று இரண்டு சொல்லில் கேட்கிறோம். அவரும் வேலைக்கு நடுவில் ஒரு சொல்லில் பதில் அனுப்புகிறார். யாருக்கு, என்ன வருத்தம், எப்போது தொடங்கியது, வேறு என்ன குளிசைகள் எடுக்கிறார் என்ற எதுவும் அதில் இல்லை. கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது ஆங்கிலம். அதைச் சுமந்துகொண்டு போகும் ஆச்சிக்கு அதில் ஒரு வரியும் விளங்காது. "நெஞ்சுக்குள்ளை ஆரோ ஏறி இருக்கிற மாதிரி", "நாரியிலை கொளுவிப் பிடிக்குது" என்று அவர் சொல்லக்கூடிய துல்லியமான வார்த்தைகளோ எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை. வரிசையில் நூறு பேர் காத்திருக்க, நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் வைத்தியர்களை இதற்காக நான் குறை சொல்லமாட்டேன். வைத்தியரைக் காணும் அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையை நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம்.

அதனால் கடந்த இரண்டு வருடங்களாக, அயலில் யாராவது முதன்முறையாகக் கிளினிக்குக்குப் போகிறார்கள் என்றால், முதல்நாள் பின்னேரம் அவர்களோடு இருந்து ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். தொடங்கிய காலம், கூடும் நேரம், குறையும் நேரம், முன்பு வந்த வருத்தங்கள், எடுக்கும் குளிசைகள், பரியாரியாரிடம் வாங்கிக் குடித்த கசாயம் உட்பட எல்லாவற்றையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுகிறேன். என்னிடம் சொல்லக் கூச்சப்படுபவை இருந்தால் மகளோ மருமகளோ தனித் தாளில் எழுதட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் எழுபது வயதுள்ள ஒருவருக்கு எழுதியபோது, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தலையணை ஒண்டுதான், தம்பி, ஆனால் நான் இப்ப சாய்மனைக் கதிரையிலைதான் படுக்கிறனான்" என்றார். அதை அப்படியே எழுதி, கீழே கோடும் இட்டுக் கொடுத்தேன்.