ஹீட்டர் வால்வில் தண்ணீர் சொட்டினால் அடைக்காதீர்கள்

வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டினால் அது கெட்டுவிட்டது, ஒரு மூடி போட்டு அடைத்தால் போதும் என்று ஒரு பதிவில் சொல்லப்பட்டிருக்கிறது. பலரும் அதையே பகிர்வதால் எழுதுகிறேன். சொட்டுவது எரிச்சலாகத்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது பழுதில்லை, வால்வு தன் வேலையைச் செய்கிறது.

தண்ணீர் சூடானால் விரியும். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 1.5 சதவீதம் கூடும். 25 லிட்டர் தொட்டியில் அது ஏறக்குறைய 400 மில்லி. நீர் உள்ளே வரும் வழியில் ஒருவழி வால்வு இருந்தால் விரிந்த நீர் திரும்பிப் போக முடியாது. மிச்சமிருக்கும் ஒரே வழி இந்தப் பாதுகாப்பு வால்வுதான். இதையும் அடைத்தால் அழுத்தம் ஏறும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டி வெடிக்கவே கூடும்.

நீங்களே சோதிக்கலாம். வால்வுக்கு அடியில் ஒரு பாத்திரம் வைத்து, வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் ஹீட்டரைப் போடுங்கள். சூடேறும்வரை சொட்டி, ஹீட்டரின் விளக்கு அணைந்ததும் சற்று நேரத்தில் நின்றுவிட்டால் எல்லாம் சரி. (கையை நீட்ட வேண்டாம், சுடும்.) ஹீட்டரை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால், வால்வில் உப்புப் படிந்திருக்கலாம் அல்லது வரும் நீரின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். அப்போதும் வால்வை மாற்றலாம், அழுத்தத்தைக் குறைக்கலாம், அடைக்கக் கூடாது.

ஏற்கெனவே மூடி போட்டிருந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் முழுக்க ஆறிய அப்புறம், வேலை தெரிந்த ஒருவரை வைத்துக் கழற்றுங்கள்.