அஞ்சு கண் பாலமும் நாலு குழாயும்

மூணு நாளா பொறுத்துப் பார்த்தேன், முடியல. அந்த போட்டோவுக்குக் கீழ வந்த கமெண்ட்ஸ், இன்பாக்ஸ்ல வந்தது, ஊர் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னைத் தூக்கினது எல்லாம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், அதனால மறுபடி முதல்ல இருந்து கதை சொல்லப் போறதில்ல. தெரியாதவங்களுக்கு ஒரே வரி: நம்ம ஊர் ஓடையில பழைய பாலத்தை இடிச்சுட்டுப் புதுசு கட்டறாங்க, அந்த வேலையால ஓடையில மீன் குஞ்சு செத்துக் கிடந்த படத்தை ஞாயித்துக்கிழமை போட்டேன்.

நான் பாலம் வேண்டாம்னு சொல்லல. திரும்பவும் சொல்றேன், பாலம் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. பழைய பாலத்தை இடிச்ச காங்க்ரீட்டையும் டைவர்ஷனுக்கு அடிச்ச சரள் மண்ணையும் ஓடைக்குள்ளயும் கோரை மண்டின சதுப்புக்குள்ளயும் தள்ளிவிட்டுட்டுப் போகாதீங்கன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். இதுக்கு "நாலு தவளைக்காக நாலு ஊர் சுத்திப் போகணுமா டீச்சர்"னு ஒரு கமெண்ட், அதுக்கு 212 லைக். அதுல ஒரு லைக் என்கூட ஒன்பதாவதுல ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவளோடது. சரி, இருக்கட்டும்.

பாலம் எவ்ளோ அவசியம்னு எனக்குப் பாடம் எடுக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் பாலம் வர்றதுக்கு முன்னாடி அங்க வெறும் தாம்போதிதான், ஓடையில தண்ணி வந்தா ரோடே கிடையாது. எங்க அம்மாவுக்குத் தம்பி பிறக்குறப்ப வலி வந்து, தண்ணி வடியட்டும்னு அக்கரையில மாட்டு வண்டி நிக்க, இக்கரையில அம்மா உட்கார்ந்திருந்த கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவ நான். எனக்கா பாலத்தோட அருமை தெரியாது? இப்பவும் தினம் காலையில ஸ்கூட்டில அந்த டைவர்ஷன் வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறேன், புழுதி தின்னுக்கிட்டு. கமெண்ட் போட்டவர் சென்னையில இருக்காரு.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பேரோட மாட்டிக்கிட்டு நின்னுச்சே, அதுக்கு அடுத்தாப்ல மண்ணும் ஜல்லியும் அரிச்சுப் போய் தண்டவாளம் மட்டும் கயிறு மாதிரி அந்தரத்துல தொங்கின படத்தை ஊரே பார்த்துச்சு. நம்ம ஓடைப் பாலத்துல ஒரு தூண் இறங்கினதும் அதே ராத்திரிதான். அதனாலதான் கனரக வாகனம் போகக்கூடாதுன்னு போர்டு வச்சாங்க, அதனாலதான் இப்ப புதுப் பாலம். அதாவது தண்ணி என்ன செய்யும்னு கண்ணால பார்த்த ஊரு நம்மது. பார்த்த ஊர்லயே தண்ணி போற வழியில குப்பையை அடைக்கறோம்னா நம்மளை என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.

கொஞ்சம் கணக்கு சொல்றேன், கணக்கு டீச்சர்னு கிண்டல் பண்ணுவீங்க, பரவால்ல. பழைய பாலத்துக்கு அஞ்சு கண், அதாவது தண்ணி போக அஞ்சு வாசல். ஒரு கண்ணு மூணு மீட்டர் அகலம், ரெண்டு மீட்டர் உயரம்னு வச்சாலும் மொத்தம் 30 சதுர மீட்டர் வழி தண்ணிக்கு. டைவர்ஷன் ரோட்டுக்கு அடியில தண்ணி போகப் போட்டிருக்கறது 900 மில்லிமீட்டர் சிமெண்ட் குழாய் நாலு. நாலையும் சேர்த்தா ரெண்டரை சதுர மீட்டர் தேறும். 30 எங்க இருக்கு, ரெண்டரை எங்க இருக்கு? பன்னெண்டுல ஒரு பங்கு. அந்த நாலு குழாயில ஒண்ணு இப்பவே பாதி மண்ணு மூடிக் கிடக்கு, இன்னொண்ணுக்குள்ள யாரோ பழைய பாய் சொருகி வச்சிருக்காங்க. ஐப்பசி பொறக்க இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு.

சிவில் படிச்ச என் தம்பி ஃப்ரெண்ட் ஒருத்தர்கிட்ட கேட்டேன். லேசின்னு ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடிச்ச சூத்திரமாம், வண்டல் மண் ஆத்துக்கு வெள்ளத்தோட அளவை வர்க்கமூலம் எடுத்து 4.8 ஆல பெருக்கினா ஆறு கேக்குற அகலம் வரும்னு சொன்னாரு. வினாடிக்கு 100 கன மீட்டர் வந்தா 48 மீட்டர். ஆறு கேக்குற அகலம்! இந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அதைக் குறுக்கினா தண்ணி சும்மா இருக்காது, வேகம் கூடும், தூண் அடியில நோண்டும், பாலம் உட்காரும். அதாவது ஓடையைக் காப்பாத்துன்னு நான் கத்துறது உங்க பாலத்துக்கும் சேர்த்துத்தான்யா. 2024 செப்டம்பர்ல திறந்த அகரம்பள்ளிப்பட்டு பாலம் டிசம்பர்ல தென்பெண்ணை வெள்ளத்துல போச்சே, 16 கோடி ரூபா. டிசைனுக்கு மேல பல மடங்கு தண்ணி வந்துச்சுன்னு விளக்கம் சொன்னாங்க. இருக்கலாம். ஆனா எஸ்டிமேட்டைப் படிச்சுப் பார்த்துட்டு அதுக்குத் தகுந்த மாதிரி வர்ற பழக்கம் தண்ணிக்குக் கிடையாதே.

அடுத்தது "தற்காலிகம்தானே மேடம், வேலை முடிஞ்சதும் எடுத்துருவாங்க". எடுத்துட்டுத்தான் மறு வேலை! பக்கத்து ஊர்ல பாலம் கட்டி ஆறு வருஷம் ஆச்சு, டைவர்ஷன் மண்ணு இன்னும் கரையில மேடா நிக்குது, அதுல இப்ப ஒரு டீக்கடையும் வந்தாச்சு, டீ நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊர்ல எது தற்காலிகம்? பில் பாஸானதும் ஜேசிபி போயிரும். ஓடைப் படுகையைப் பழையபடி ஆக்குறதுக்குன்னு எஸ்டிமேட்ல ஒரு வரி இருக்கான்னு நான் கேட்டேன். கேட்டதுக்கு ஒரு ஆள் சிரிச்சாரு. கெட்ட சிரிப்பெல்லாம் இல்ல, சின்னப் பிள்ளை நிலா கேட்டா சிரிப்போம்ல, அப்படி.

இப்ப அந்தக் கோரைக்கு வர்றேன். பாலத்துக்குக் கீழ்புறம், ஓடை குளத்துல விழறதுக்கு முன்னாடி ரெண்டு ஏக்கர் போல பரந்து கிடக்குமே, அதுதான். ரெக்கார்டுல அது ஓடை புறம்போக்கு. நம்ம ஊர்ல அதுக்குத் தனிப் பேரு கூட கிடையாது, "கோரை"ம்போம். அதுல கோரையும் சம்பும் அடர்ந்து நிக்கறதாலதான் ஓடை கொண்டு வர்ற வண்டல் அங்கயே தங்குது, குளம் தூர்ந்து போகாம இருக்கு, வெள்ளம் ஒரு மூச்சு நின்னு இறங்குது. தூர் வாரன்னு வருஷா வருஷம் பணம் கேக்குறோம்ல, அந்த வேலையைக் காசு வாங்காம அந்தக் கோரை செய்யுது. அதுக்கு மேலதான் முப்பது லோடு காங்க்ரீட் கட்டி, கம்பி நீட்டிக்கிட்டு.

எங்க ஆச்சி இருக்கறப்ப புதுத்தண்ணி வர்ற அன்னைக்கு ராத்திரி தூங்க விடமாட்டா. "ஏட்டி எந்திரி, மீன் ஏறுதுட்டி"ன்னு உலுக்குவா. அரிக்கேன் லைட்டும் கூடையும் எடுத்துக்கிட்டு, குளத்துல மிச்சத் தண்ணி வழியுற மறுகாலுக்குக் கீழ போய் நிப்போம். கெண்டையும் கெளுத்தியும் தண்ணியை எதிர்த்து ஏறி வரும், முட்டை போட மேல போகுதுங்க. லைட் வெளிச்சத்துல வெள்ளி ஓடுற மாதிரி இருக்கும். ஆச்சி கூடையை வச்சுப் பிடிப்பா, ஆனா வயிறு உப்பின மீனைத் தடவிப் பார்த்துட்டு "போ தாயி"ன்னு திரும்ப விட்டுருவா. பள்ளிக்கூடம் போகாதவ. ஈரநிலம், சூழலியல் எந்த வார்த்தையும் தெரியாதவ. சினை மீனை விடணும்னு அவளுக்குத் தெரிஞ்சது, டிகிரி வாங்கினவங்களுக்குத் தெரியல. இப்ப போட்டிருக்கற குழாயைப் போய்ப் பாருங்க, படுகையில இருந்து ஒரு முழம் உசரத்துல வச்சிருக்காங்க. குழாய்ல இருந்து தண்ணி தொபதொபன்னு கீழ விழும். அதுல எந்த மீன் ஏறும்?

இதைச் சொன்னா "மீன் குழம்புக்காகத்தான் இவ்ளோ கத்தலா"ன்னு ஒரு அண்ணாச்சி. ஆமா அண்ணாச்சி, மீன் குழம்புக்காகத்தான்.

அமெரிக்கால வாஷிங்டன் ஸ்டேட்ல என் சித்தி மகன் இருக்கான். ரோட்டுக்கு அடியில போட்ட குழாய்ல சால்மன் மீன் ஏற முடியலன்னு அங்க 21 பழங்குடி இனத்து மக்கள் மாநில அரசு மேலயே கேஸ் போட்டாங்கன்னு அவன்தான் சொன்னான். 2013ல கோர்ட் மீனை மறிக்கற குழாயை மாத்தச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2018ல நீதிபதிங்க நாலுக்கு நாலுன்னு பிரிஞ்சு நிக்க, கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிலைச்சுது. இப்ப கோடிக்கணக்குல செலவு பண்ணிக் குழாயை எடுத்துட்டுப் பாலம் கட்டிக்கிட்டு இருக்காங்க. மீன் ஏற்ற சீசன்ல ஆத்துக்குள்ள மெஷினே இறக்கக்கூடாதாம், வேலைக்குன்னு தனியா மாசம் குறிச்சுக் கொடுப்பாங்களாம். தெரியும், "இது அமெரிக்கா இல்ல"ன்னு வருவீங்க. இல்லதான். நம்ம ஓடை மாசியில இருந்து வைகாசி வரைக்கும் காய்ஞ்சு கிடக்கு, கால்ல செருப்பு நனையாம நடந்து போகலாம். அப்ப வேலையை ஆரம்பிக்காம ஆவணியில பூஜை போட்டு மழைக்குள்ள இழுத்துக்கிட்டு வர்றது எந்த நாட்டு வழக்கம்?

செலவாகும்னு சொல்றவங்களுக்கு. நான் கேக்குறது என்ன, தங்கமா? இடிச்ச காங்க்ரீட்டை லாரியில ஏத்தி ஓடைக்கு வெளிய கொண்டு போ. மிக்சர் லாரி கழுவறதுக்குக் கரையில ஒரு குழி வெட்டித் தார்ப்பாய் விரி. வேலை நடக்குற இடத்தைச் சுத்தி மணல் மூட்டை அடுக்கு. குழாயை ரெண்டு கூட்டிப் போட்டுப் படுகை மட்டத்துல இறக்கு. இதுல எது முடியாது?

அந்த மிக்சர் லாரி விஷயம் நிஜமாவே பார்த்தேன். ஸ்கூட்டியை நிறுத்திட்டு நின்னு பார்த்தேன். டிரைவர் காங்க்ரீட் இறங்குற ஷூட்டைக் கழுவி நேரா ஓடையிலயே விட்டாரு, தண்ணி பால் மாதிரி போச்சு. புது சிமெண்ட் கரைஞ்ச தண்ணியோட பிஎச், அதாவது காரத்தன்மையோட அளவு, 12 வரைக்கும் போகும், மீனுக்கு 9 தாண்டினாலே கஷ்டம். நம்ப முடியலன்னா கொத்தனார் வேலை பார்க்குறவங்க விரலை வாங்கிப் பாருங்க, இடுக்குல எல்லாம் வெந்து தோல் உரிஞ்சிருக்கும். கையில பட்டாலே அப்படின்னா அதுக்குள்ளயே மூச்சு விடுற மீனுக்கு எப்படி இருக்கும்? ஸ்கூல் விட்டுத் திரும்ப வரும்போது விரலு நீளக் கெண்டைக் குஞ்சு ஒரு இருபது, முப்பது வயித்தைக் காட்டிக்கிட்டு ஓரத்துல ஒதுங்கிக் கிடந்துச்சு. அந்தப் படத்தைத்தான் போட்டேன். அதுக்குத்தான் "விளம்பரப் பிரியை". டிரைவர் பையனை நான் குத்தம் சொல்லல, அவனுக்கு வேற இடம் யாரும் காட்டல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒருத்தர் கேட்டாரு, கேட்டது நியாயம். இடிபாட்டுக் கழிவை வடிகால் அடைபடற மாதிரி கொட்டக்கூடாதுன்னு 2016லயே விதி வந்தாச்சு. ஈரநிலத்துக்கு 2017 விதி இருக்கு, அதுலயும் கட்டடக் கழிவு கொட்டத் தடை. ஆனா அதே விதி ஆத்து வாய்க்காலும், பாசனத்துக்குன்னு வெட்டின குளமும், நெல் வயலும் ஈரநிலம் ஆகாதுன்னு ஆரம்பத்துலயே கழிச்சு விட்டுருச்சு. நம்ம ஜில்லாவுல ஆறு, வாய்க்கால், பாசனக் குளம், வயல் இந்த நாலையும் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, பொத்தைக் குன்றும் பனையும்தான். கூந்தன்குளம் 2022ல ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்தப்ப நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம், பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊருன்னு பெருமையாப் பேசினோம். அந்தப் பறவை மேய வர்றது இந்த மாதிரிப் பேரில்லாத கோரைக்கும்தான். பட்டியல்ல இருந்தா பறவை, இல்லன்னா நாலு தவளையா?

"உங்க வீடு இருக்கற இடமே வயல்தானே"ன்னு கேட்டவருக்கு: ஆமா. லோன் போட்டு வாங்கினது. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு நிஜமாவே தெரியல. ஆனா நான் தப்பு பண்ணியிருக்கேன்னா ஓடையில காங்க்ரீட் கொட்டறது சரின்னு ஆயிருமா?

குரூப்ல இருந்து தூக்கினதுதான் ரொம்ப வலிச்சுது. 23 வெள்ளத்துல மொட்டை மாடியில இருந்துக்கிட்டு, சார்ஜ் 4 பெர்சென்ட் இருக்கறப்ப, யார் வீட்டுல குழந்தை இருக்கு, யாருக்கு மாத்திரை வேணும்னு அதே குரூப்லதான் லிஸ்ட் போட்டேன். அப்ப "டீச்சர் நல்லா இருக்கணும்"னு கும்பிடு போட்டவங்க இப்ப "வளர்ச்சிக்கு எதிரி". எங்க வீட்டுக்காரர் "உனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னாரு. அவர் சொன்னா பரவால்ல, எப்பவும் சொல்றதுதான். எங்கப்பா ஒண்ணும் சொல்லல, சாயங்காலம் சைக்கிளை எடுத்துட்டுப் போய் கோரையைப் பார்த்துட்டு வந்து, "அந்தப் பேர்க் கல்லு கூட அதுக்குள்ளதான் கிடக்கு"ன்னாரு. பழைய பாலத்துல திறப்பு விழா தேதி போட்ட கருங்கல்லு இருந்துச்சுல்ல, அது. அந்தப் பாலம் திறந்த அன்னைக்கு அம்மாவைக் கூட்டிட்டு அதுமேல நடந்தாராம், தம்பியைத் தோள்ல வச்சுக்கிட்டு.

எடிட்: காலையில ரெண்டு லோடு எடுத்துட்டுப் போனாங்கன்னு போட்டோ அனுப்பினவங்களுக்கு நன்றி. எங்க கொண்டு போய்க் கொட்டினாங்கன்னு மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்க. மேலூர் போற ரோட்டுல மறுகால் பக்கம் லாரி நின்னுச்சுன்னு ஒருத்தங்க சொல்றாங்க.