உணவு கடந்து வந்த தூரத்தை விடுங்கள், விளைந்த விதத்தைப் பாருங்கள்

உணவையும் பருவநிலை மாற்றத்தையும் சேர்த்துப் பேசினால், பேச்சு பெரும்பாலும் "பக்கத்தில் விளைந்ததை வாங்குங்கள்" என்பதிலேயே முடிந்துவிடுகிறது. பக்கத்து உழவரிடம் வாங்குவதற்கு நல்ல காரணங்கள் பல உண்டு. ஆனால் புவி வெப்பமாவதைக் குறைக்கும் முதல் வழியாக அதை முன்வைப்பது தவறு. கணக்கு வேறு இடத்தைக் காட்டுகிறது.

119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. அதன்படி, உணவால் வெளியாகும், புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 விழுக்காடுதான். விமானத்தில் வரும் பொருள்கள் மட்டும் விதிவிலக்கு. அதே எடையை அதே தூரம் கப்பலில் கொண்டுவருவதைவிட அவற்றின் பாதிப்பு பல மடங்கு அதிகம். நல்லவேளையாக, உணவில் மிகச் சிறிய பகுதியே விமானம் ஏறுகிறது. உணவால் வரும் வாயுக்களில் பெரும்பகுதி வயலிலும் தொழுவத்திலும், காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்திலும் பிறக்கிறது. மனிதர் வெளியேற்றும் மொத்த வாயுக்களில் உணவு அமைப்பின் பங்கு 21 முதல் 37 விழுக்காடு வரை இருக்கும் என்று ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2019ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

இது கண்ணில் படாததற்குக் காரணம், இதில் புகை இல்லை. வயலிலிருந்து எழும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் யாரும் பார்ப்பதில்லை. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல 27 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது, ஆனால் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு 273 மடங்கு, நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்குகிறது. மீத்தேனை இன்று குறைத்தால் நம் வாழ்நாளிலேயே பலன் தெரியும் என்பதால்தான் அதை முதலில் பிடிக்கச் சொல்கிறேன்.

நெல் வயலை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தேங்கி நிற்கும் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அங்கே மட்கும் வைக்கோலையும் வேரையும் தின்னும் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அந்த வாயுவின் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வருகிறது. இதற்கு மருந்து புதிதல்ல, காய்ச்சலும் பாய்ச்சலும்தான். வயல் அவ்வப்போது காய்ந்தால் மண்ணுக்குள் காற்று புகும், அந்த நுண்ணுயிரிகள் ஓய்ந்துவிடும். பருவத்தில் பலமுறை இப்படிக் காயவிட்டால் மீத்தேன் கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது. விளைச்சல் குறையாமல் பாசன நீரும் 30 விழுக்காடு வரை மிச்சமாகும்.

ஆனால் கண்ணளவில் செய்யக்கூடாது. 30 செ.மீ. நீளமும் 15 செ.மீ. விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை அள்ளிவிடுங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள்ளும் அதே மட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துளைகள் அடைத்திருக்கின்றன, எடுத்து மறுபடி புதைக்க வேண்டும். நட்ட ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கலாம். களை அதிகமென்றால் இன்னும் இரண்டு மூன்று வாரம் வயலில் நீரைத் தேக்கி வைத்திருந்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை காயவிடக் கூடாது, விட்டால் பதர் மிகும்.

வைக்கோலை மடக்கி உழுவதிலும் நேரம் முக்கியம். நீர் கட்டுவதற்குச் சற்று முன் உழுதால் மீத்தேன் கூடும், 30 நாளுக்கு முன்பே உழுதுவிட்டால் வெகுவாகக் குறையும்.

இந்த முறை பரவாததற்கு உழவரைக் குறை சொல்வது எனக்கு ஏற்பில்லை. தண்ணீருக்கான கட்டணம் பரப்பளவுப்படி இருக்கும் இடத்தில் மிச்சப்படுத்துபவருக்கு ஒரு லாபமும் இல்லை. அடுத்த முறை எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாதவர் வயலைக் காயவிடவும் மாட்டார். முதலில் மாற வேண்டியது பாசன நிர்வாகம்.

இன்னொரு சிக்கல், காய்ந்து நனையும் வயலில் நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். அதற்குக் காரணம் மிதமிஞ்சிய யூரியா. இடும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) சுமார் 1 விழுக்காடு இப்படி வெளியேறுகிறது என்பது ஐபிசிசியின் பொதுக் கணக்கு. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. அதில் 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக மாறினால் ஏறத்தாழ 720 கிராம், அதாவது 200 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். உர ஆலை எரிக்கும் எரிவாயு இதில் சேராது. மேலுரத்தை மொத்தமாகக் கொட்டாமல், இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்கும்போது பிரித்து இடுங்கள். காய்ந்த மண்ணில் இட்டு உடனே தண்ணீர் பாய்ச்சினால் சத்து வேருக்கு இறங்கும்.

இனி தட்டுக்கு வருவோம். 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டின் இறைச்சி சராசரியாக 50 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயுவை வெளியிடுகிறது. ஆட்டிறைச்சி 20, கோழி 6, முட்டை 4, பட்டாணி அரைக் கிலோவுக்கும் கீழே. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் மீத்தேன் உண்டாவதும், மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் தேவைப்படும் நிலமுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பண்ணைக்குப் பண்ணை அளவு மாறும், ஆனால் மிகச் சிறந்த மாட்டுப் பண்ணைகூடப் பட்டாணியை நெருங்குவதில்லை. ஆகவே மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் நிறைய உண்பவர்கள் வாரத்தில் சில வேளையாவது பருப்புக்கும் பயறுக்கும் மாறுவது, வாங்கும் இடத்தை மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம்.

இதை எல்லோருக்கும் ஒரே அறிவுரையாகச் சொல்வதை நான் எதிர்க்கிறேன். ஊட்டம் குறைந்த குழந்தையிடமிருந்தும் கர்ப்பிணியிடமிருந்தும் முட்டையையும் பாலையும் பறிக்க எந்தக் கணக்கும் உரிமை தராது. விலங்குணவை முழுதாக விடுபவர்களுக்கு பி12 மாத்திரையோ பி12 செறிவூட்டிய உணவோ கட்டாயம். பயறிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உள்ள காய் கனிகள் கூடவே வேண்டும், சாப்பாட்டோடு தேநீர் கூடாது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு 550 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 550 பங்கு) அளவை எட்டினால் கோதுமையில் துத்தநாகம் 9 விழுக்காடும் இரும்பு 5 விழுக்காடும் குறையும் என்று திறந்தவெளிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே தானியத்தை மட்டும் நம்பி வாழ்பவர்களைத்தான் அது முதலில் தாக்கும்.

கடைசியாக, வீணாகும் உணவு. 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது என்கிறது ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. அதில் 60 விழுக்காடு வீடுகளில். சமைத்தது மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். ஆழமான பாத்திரத்தில் வைத்தால் நடுப்பகுதி ஆறாமல் கெட்டுவிடும், அகலமான பாத்திரத்தில் பரப்பி வையுங்கள். பெட்டி 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். தோலையும் காம்பையும் குப்பைமேட்டுக்கு அனுப்பினால் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகும். வீட்டிலேயே மட்கவைப்பதானால் ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வடியக் கூடாது. நாற்றம் எடுத்தால் உள்ளே காற்று இல்லை, அங்கும் மீத்தேன்தான் உண்டாகிறது என்று பொருள். சருகைக் கூட்டி, அடிவரை கிளறிவிடுங்கள்.