அந்தக் கட்டத்தில் அண்ணன் பெயர்

போன செவ்வாய்க்கிழமை கையில் நான்கு பக்க விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றிருந்தேன். கொடுப்பதற்கு அன்றுதான் கடைசி நாள். மூன்று பக்கம் நிரப்பி முடித்திருந்தபோது அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. அண்ணனுக்கு நெஞ்சுவலி, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். குரலை மிகவும் அடக்கிப் பேசினார். பிள்ளைகள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். "பதறாதே, வேலையை முடித்துவிட்டு நிதானமாக வா" என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

நான்காம் பக்கத்தைத் திருப்பினேன். 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்று ஒரு கட்டம். எத்தனையோ வருடங்களாக அந்தக் கட்டத்தில் யோசிக்காமல் நான் எழுதுவது அண்ணன் பெயரைத்தான். அன்று, பெயரின் முதல் எழுத்தை எழுதியதுமே பேனா நின்றுவிட்டது. மை ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார்.

ஒருவழியாக எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தது. பிறந்த தேதி கேட்ட இடத்தில் அன்றைய தேதியைப் போட்டிருந்தேன். அடித்துத் திருத்தினால் ஏற்க மாட்டார்கள், புதிதாக எழுத வேண்டும். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, வங்கியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், நான்கு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும். நடுவில் மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

அலைச்சலைப் பற்றிச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அலைச்சல் இரவு தூங்கினால் போய்விடும். அன்று என்னை உருக்குலைத்தது வேறு.

மதியத்துக்குள் சொந்தக்காரர்களிடமிருந்து 14 அழைப்புகள். எல்லாரும் அன்போடுதான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் நெஞ்சுவலியிலிருந்து தொடங்கி முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. முடிக்கும்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் சொல்." நானும் எத்தனையோ பேருக்கு மனதாரச் சொன்ன வாக்கியம்தான் அது. கேட்கிற இடத்தில் நின்றபோதுதான் அதன் பாரம் புரிந்தது. என்ன வேண்டும் என்று சொல்வதற்கு, எந்த வேலை, எங்கே, என்ன காகிதம், எத்தனை மணிக்குள் என்று நான் யோசித்துப் பிரிக்க வேண்டும். அந்த யோசனைதான் அன்று என்னிடம் இல்லை.

தங்கை மட்டும் எதுவும் கேட்கவில்லை. "அம்மாவின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. வாங்கிக்கொண்டு நானே போய்க் கொடுக்கிறேன். அம்மா போட்டுக்கொண்டதும் உனக்குத் தகவல் அனுப்புகிறேன், அதுவரை மாத்திரையை நீ நினைக்கவே வேண்டாம். யார் அழைத்தாலும் என்னைக் கேட்கச் சொல்" என்றாள். அதன் பிறகுதான் என்னால் மூச்சு விட முடிந்தது.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்கிறார். நான் தேதியைத் தவறாக எழுதியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2011-ல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. பாதியில் நிற்கும் வேலை மனதைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும். ஆனால் எப்போது, எப்படிச் செய்வது என்று ஒரு தெளிவான திட்டம் போட்டுவிட்டாலே, வேலை முடியாவிட்டாலும் அந்தத் தொந்தரவு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். தங்கை அந்தத் திட்டத்தைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள்.

குடும்பங்களில் நாம் ஓடுகிற வேலையைப் பங்கிடுகிறோம். நினைவில் வைத்துக்கொள்கிற வேலையை மட்டும் ஒருவர் தலையிலேயே விட்டுவிடுகிறோம். "மாத்திரை வாங்கி வருகிறேன், எந்த மாத்திரை, எத்தனை என்று அப்புறம் சொல்" என்பவர் பாதி வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறார். கெட்ட செய்தி வந்த வீட்டுக்கு உதவ நினைப்பவர்கள் ஒரே ஒரு வேலையை எடுங்கள். சிறியதாக இருந்தாலும் முழுதாக எடுங்கள். முடிந்தது என்ற தகவலும் உங்களிடமிருந்தே வரட்டும்.

அம்மா விஷயத்தில் நாங்கள் தவறு செய்தோம். மாலை வரை சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தோம். சாயங்காலம் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து தொடங்குவதற்கு முன்பே, "காலையிலேயே தெரிந்துவிட்டது. போனில் நீ 'ம்' மட்டும் சொன்னாய்" என்றார். நாள் முழுக்கத் தனியாக, யாரையும் கேட்காமல், அந்த 'ம்' என்ற ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

அண்ணனுக்கு இதயத்தில் அடைப்பு. சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறார்.

மறுநாள் தாமதக் கட்டணம் கட்டிப் புதிய விண்ணப்பம் எழுதினேன். நான்காம் பக்கத்தில் அண்ணன் பெயரைத்தான் எழுதினேன். வேறு பெயர் எழுத மனம் வரவில்லை. கீழே இரண்டாவது ஆளுக்கும் ஒரு வரி இருந்தது. இத்தனை வருடமும் அதில் கோடு கிழித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். இந்த முறை தங்கையின் பெயரையும் எண்ணையும் நிறுத்தி எழுதினேன்.