ஐஸுக்குப் பணம் உண்டு, கணக்குக்கு இல்லையா?

பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கடந்த வாரம் என்னிடம் கேட்டார்: "தம்பி, போன்ல சும்மாவே கணக்கு ஆப்பு கெடக்கு. நீங்க மட்டும் எதுக்கு வருசத்துக்கு 1,200 ரூவா கேக்குறீக?" அந்தத் தொகை 20 லிட்டர் டீசலின் விலைக்கும் குறைவு. அதை அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியைத் தொண்டியிலும் என்னிடம் கேட்டுவிட்டார்கள், ஏர்வாடியிலும் கேட்டுவிட்டார்கள்.

என் மென்பொருள் செய்வது பங்குக் கணக்கு. மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரித்து, அவரவர் முன்பு வாங்கிய முன்பணத்தையும் கழித்துக் காட்ட வேண்டும். இந்தப் பிரிப்பு படகுக்குப் படகு மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் உரிமையாளர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும் என்பதால், அப்படி இரண்டு தடைக்காலங்கள் கரையில் அவர்களோடு அமர்ந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் ஒன்றாகச் செய்த இலவசச் செயலிக்கு இதில் எதுவுமே தெரியாது. ஆனாலும் என் விலையை முடிவு செய்வது அந்தச் செயலியின் பூஜ்ஜியம்தான்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது, இலவசம் என்றால் என்னவென்று இந்தக் கடற்கரைக்கு நன்றாகவே தெரியும் என்பதனால்தான். வட்டியில்லாமல் முன்பணம் கொடுக்கும் வியாபாரி, வருகிற இறாலையும் நண்டையும் தனக்கே தர வேண்டும், அதுவும் தான் சொல்லும் விலைக்கே தர வேண்டும் என்றுதான் கொடுக்கிறார்; அந்த வட்டி மீன் விலையில் கழிகிறது என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். செயலியில் மட்டும் அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. முதலீட்டாளர் பணத்தில் சில ஆண்டுகள் சும்மா கொடுத்து, எதிரே நிற்பவர்கள் ஓய்ந்த பிறகு கட்டணம் கேட்க முடியும். அதுவரை விளம்பரத்திலும் நம் விவரங்களிலும் சம்பாதிக்க முடியும்.

இது புதிதும் அல்ல. 1995-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற இணைய உலாவியை மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுத்தது. உலாவியை விற்றுப் பிழைத்த நெட்ஸ்கேப், 1998 ஜனவரியில் தன்னுடையதையும் இலவசமாக்க வேண்டியதாயிற்று. அது பெரிய நிறுவனம், அதற்கே அந்தக் கதி. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க, கூகுள் 2005-இல் தொடங்கிய இலவச ரீடரை நம்பிக் கூட்டம் அங்கே போனது. 2013 ஜூலை 1 அன்று கூகுள் அதை மூடிவிட்டது.

கட்டற்ற மென்பொருளை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமை அது, விலையைப் பற்றியது அல்ல. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985-இல் இமாக்ஸ் என்ற உரைத்திருத்தி மென்பொருளின் நிரல் அடங்கிய காந்த நாடாவை 150 டாலருக்கு விற்றார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'free' என்ற ஒரே சொல் இருப்பதால் அவர்கள் குழம்பலாம். கட்டற்றது வேறு, இலவசம் வேறு என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் தமிழில் நாம் ஏன் குழம்ப வேண்டும்?

என் பங்குக்கு நானும் தவறு செய்தேன். பெயர் பரவட்டும் என்று முதல் ஆறு படகுகளுக்குச் சும்மா கொடுத்தேன். ஏழாவது படகுக்காரர், "அவுகளுக்கு மட்டும் சும்மாவா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கூகுள் கடையில் பதிவு செய்ய 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர், விடியற்காலையில் படகு கரை சேரும் நேரத்தில் வரும் அழைப்புகள், இவற்றையெல்லாம் நான்தான் சுமக்கிறேன்.

சென்ற மாதம் மண்டபத்தில் ஒரு நண்டு வியாபாரி பதறிப்போய் அழைத்தார். அவர் வைத்திருந்த இலவசச் செயலி, பழைய கணக்கைப் பார்க்கவே கட்டணம் கேட்கத் தொடங்கியிருந்தது. கையில் மிஞ்சிய ரசீதுகளையும் படங்களையும் வைத்து, இரண்டு இரவுகள் உட்கார்ந்து அவருடைய நிலுவைகளைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். 2,000 ரூபாய் என்றதும், "இதுக்குமா காசு?" என்றார். அன்று காலைதான், ஐஸ் வண்டிக்காரர் சொன்ன தொகையை அவர் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன்.