கயிற்றை அவிழ்க்காதீர்கள்
ஈரநிலப் பூங்காவுக்கு நாயோடு போன அனுபவத்தை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 'நீர்க்கரையில் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிடலாம்' என்றீர்களே, அது மட்டும் வேண்டாம். கோலாலம்பூர் ஏரிகளில் பியாவாக், அதாவது நீர் உடும்பு, சர்வசாதாரணம். 2 மீட்டர்கூட வளரும். வாலால் ஒரு வீசு வீசினால் போதும். எங்கள் நாய் மணி ஒருமுறை அதைத் துரத்திக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டான். இழுத்துக் கரையேற்றுவதற்குள் என் செருப்பில் ஒன்று போயே போய்விட்டது. பியாவாக்கைவிட எனக்குப் பயம் எலி மூத்திரம்தான். எலிக்காய்ச்சல் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். நாய்க்கு வந்தால் நமக்கும் தொற்றலாம். நாய்க்கு அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதலில் பாருங்கள். அப்புறம், நாயை அனுமதிக்காத பூங்காக்கள் இங்கே நிறைய; வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். நாங்கள் இப்போது நாயை அனுமதிக்கும் தேசா பார்க்சிட்டி ஏரியோடு சரி, அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால்.